மாமியாரையும் ஒன்பது வயசு பொண்ணையும் கூட்டிட்டு பட்டாயா போறோம், சாயங்காலத்துக்கு அப்புறம் என்ன பண்றது?

நீங்க கேட்டது "பட்டாயால பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் ஃபேமிலிக்கு என்ன இருக்கு"ன்னு. ஆனா கேள்விய முழுசா படிச்சா கவலை வேற எங்கயோ இருக்கற மாதிரி தெரியுது. டிக்கெட் போட்டாச்சு, நாலு ராத்திரி, ஹோட்டல் இன்னும் பாத்துட்டு இருக்கீங்க, கூட மாமியாரும் நாலாவது படிக்கற பொண்ணும் வர்றாங்க, ஊர் பேரை சொன்னதும் சொந்தக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிக்கறாங்க, அங்க போய் மாமியார் முன்னாடி தலைய தொங்கப் போட்டுட்டு நிக்க வேண்டி வருமோங்கறதுதான் உங்க உண்மையான கேள்வி. நான் சென்னைலருந்து குரூப் கூட்டிட்டு போற டூர் மேனேஜர், பட்டாயாவுக்கு பேச்சிலர் குரூப்பும் கூட்டிட்டு போயிருக்கேன், அறுபதாம் கல்யாணம் முடிச்ச கையோட கிளம்பி வந்த குடும்பங்களையும் கூட்டிட்டு போயிருக்கேன். தாராளமா போலாம். ஆனா எந்தத் தெருவுல, எத்தனை மணிக்கு நிக்கறீங்கங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு, அதைத்தான் விலாவாரியா சொல்லப் போறேன்.

மொதல்ல சொந்தக்காரங்க சிரிக்கறதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். பட்டாயா தாய்லாந்து கடலோரத்துல ஒரு மீனவ கிராமமா இருந்த இடம், 1959 வாக்குல தாய்லாந்துல இருந்த அமெரிக்க சிப்பாய்ங்க லீவுக்கு வர ஆரம்பிச்சாங்க, அப்புறம் வியட்நாம் போர் நேரத்துல பக்கத்துல ஊ தபாவ் விமானதளம் வந்ததும் கூட்டம் கூடுச்சு, பாரும் பொண்ணுங்களும் அந்தக் கூட்டத்துக்காக வந்தது. 1978ல தனி நகர நிர்வாகமே அமைச்சுக் கொடுக்கற அளவுக்கு ஊர் வளந்துடுச்சு. விபச்சாரம் தாய்லாந்து சட்டப்படி குத்தம்தான், 1996லயே அதுக்குன்னு தனி சட்டம் இருக்கு, ஆனா சில தெருவுல அது கண்ணு முன்னாடியே நடக்கும், அதை மறைச்சு பேசி பிரயோஜனம் இல்ல. அதே சமயம் இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஊரு மால்ல நின்னு பாத்தீங்கன்னா தள்ளுவண்டில குழந்தைய வெச்சு தள்ளிட்டுப் போற ரஷ்யக்காரங்க, சீனாக்காரங்க, பாங்காக்ல இருந்து வார லீவுக்கு வந்த தாய் குடும்பங்க, நம்ம குஜராத்திக்காரங்கன்னு தாத்தா பாட்டியோட வந்தவங்கதான் நிறைய. ரெண்டு ஊரும் ஒரே ஊருக்குள்ள இருக்கு.

அதனால ஹோட்டல் எங்கங்கறதுதான் முதல் முடிவு, இதுல தப்பு பண்ணா மத்ததெல்லாம் சரியா பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஆப்ல பாக்கும்போது "பீச்சுக்கு நடந்து போற தூரம்"னு போட்டு மலிவா ரூம் வரும், மேப்ப பெருசு பண்ணிப் பாருங்க. சோய் 6, சோய் புவாகாவ், எல்கே மெட்ரோ, வாக்கிங் ஸ்ட்ரீட்டை ஒட்டின சந்துங்க, எல்லாம் பார் நிறைஞ்ச ஏரியா, இதுல எது வந்தாலும் விட்டுடுங்க. சோய்ன்னா சந்து, அவ்வளவுதான். சோய் 6ல எல்லாம் மதியத்துலயே பார் திறந்து வாசல்ல பொண்ணுங்க உக்காந்துடுவாங்க, நீங்க காலைல டிபன் முடிச்சு பீச்சுக்கு போயிட்டு மதியம் திரும்பும்போது பொண்ணு கையப் புடிச்சுட்டு அந்த வரிசைய தாண்டித்தான் ரூமுக்கு வரணும். சத்தமும் ஒரு விஷயம். 2023 டிசம்பர் 15லருந்து பட்டாயா மாதிரி சில சுற்றுலா ஊர்கள்ல நைட் கிளப்பெல்லாம் காலைல 4 மணி வரைக்கும் திறந்திருக்கலாம்னு அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கு, ஸ்பீக்கர் சத்தம் ஜன்னல் வழியா வந்தா பெரியவங்க தூங்கவே முடியாது. நல்ல ஏரியான்னா வடக்க நக்லுவா, வொங்கமாட் பக்கம், இல்ல தெற்க பிரதம்நாக் குன்று, அதைத் தாண்டி ஜோம்தியன். பட்ஜெட்டும் முக்கியம், கொஞ்சம் கலகலப்பும் வேணும்னா வடக்கு பட்டாயால டால்ஃபின் ரவுண்டானா பக்கம் பாருங்க, மால், கடல், ஷோ எல்லாம் கிட்ட.

வண்டி விஷயம் சொல்லிடறேன், ஏன்னா சாயங்காலம் முழுக்க இதுலதான் சுத்தப் போறீங்க. பீச் ரோடு வடக்கிலிருந்து தெற்க ஒருவழி, அதுக்குப் பின்னாடி இருக்கற செகண்ட் ரோடு தெற்கிலிருந்து வடக்க ஒருவழி, ரெண்டுலயும் கருநீல கலர் பிக்கப் வண்டிங்க வட்டம் போட்டுக்கிட்டே இருக்கும், பின்னாடி ரெண்டு பக்கமும் நீளமா பெஞ்ச். பேரு சோங்தேவ், எல்லாரும் பாட் பஸ்னுதான் சொல்லுவாங்க. ஓடிட்டு இருக்கற வண்டிய கை காட்டி நிறுத்தி, ஒண்ணும் பேசாம ஏறி உக்காந்துக்கணும். எறங்கணும்னா கூரைல இருக்கற பஸ்ஸரை அமுக்கணும், எறங்கி முன்னாடி போய் டிரைவர் ஜன்னல்ல காசு கொடுக்கணும். இந்த வட்டத்துக்கு ரொம்ப வருஷமா ஆளுக்கு 10 பாட்தான், சில ரூட்லயும் ராத்திரி நேரத்துலயும் கூட கேக்கறாங்க. ஆளில்லாம ஓரமா நிக்கற வண்டிகிட்ட போய் "எவ்வளவு"ன்னு கேட்டீங்கன்னா தனி வாடகைக்கு கேக்கறீங்கன்னு எடுத்துக்கிட்டு நூத்துக்கணக்குல சொல்லுவாங்க, அப்புறம் நம்மாளுங்க ஊருக்கு வந்து ஏமாத்திட்டான்னு சொல்றது. மாமியாருக்கு முட்டி வலின்னு எழுதியிருக்கீங்க, அந்த பிக்கப் படி கொஞ்சம் உயரம், அவங்களோட போகும்போது போல்ட், கிராப் மாதிரி டாக்ஸி ஆப்ல கார் போட்டுக்கோங்க. கணக்குக்கு ஒரு பாட்டை ரெண்டரைலருந்து மூணு ரூபாய்க்குள்ள வெச்சுக்கோங்க.

முதல் நாள் சாயங்காலம் எங்கயும் ஓடாதீங்க, சூரியன் மறையறதைப் பாருங்க. மெரினால நமக்கு கடல்ல சூரியன் உதிக்கறதுதான் கெடைக்கும், பட்டாயா பீச் மேற்கு பாத்தது, கடலுக்குள்ளயே இறங்கும். டிசம்பர்னா ஆறு மணிக்கே முடிஞ்சுடும், வெயில் காலத்துல ஆறே முக்கால் வரைக்கும் போகும். பிரதம்நாக் குன்று மேல ஒரு வியூ பாயின்ட் இருக்கு, கார் மேல வரைக்கும் போகும், அங்கேருந்து பாத்தா கடற்கரை மொத்தமும் வளைஞ்சு தெரியும், இருட்டினதும் ஒவ்வொரு கட்டடமா விளக்கு எரிய ஆரம்பிக்கும். செலவு கார் வாடகை மட்டும்தான். இன்னொரு நாள் கோ லான் தீவுக்குப் போறதா இருந்தா சாயங்கால கணக்கை முன்னாடியே போட்டுக்கோங்க, பாலி ஹாய் துறைல இருந்து போற பொது படகு 30 பாட், முக்கா மணி நேரம், திரும்பற கடைசி படகு சாயங்காலம் ஆறு மணி வாக்குல கிளம்பிடும். போய் எறங்கினதுமே திரும்பற நேரத்தை துறையிலயே கேட்டு போனுல போட்டோ எடுத்துக்கோங்க, விட்டுட்டீங்கன்னா ஸ்பீடு போட்டுக்காரன் சொல்றதுதான் விலை.

இப்ப நீங்க தயங்கித் தயங்கி கேட்ட விஷயம், அந்த காபரே ஷோ. டிஃபனிஸ் 1974ல ஆரம்பிச்சது, அல்காசார் 1981ல, ரெண்டுமே செகண்ட் ரோட்டுலதான். மேடைல ஆடறவங்க திருநங்கைகள். காபரேன்னு சொன்னதும் நம்ம பழைய சினிமா பாத்து பழகினவங்களுக்கு மனசுல வேற படம் ஓடும், அப்படி ஒண்ணும் கிடையாது, முழு உடை, பெரிய அரங்கம், சிவப்பு வெல்வெட் சீட்டு, பிரம்மாண்டமான செட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல சீனப் பாட்டு, கொரியப் பாட்டு, தாய் நாட்டியம்னு மாறிக்கிட்டே இருக்கும், வழக்கமா நடுவுல இந்தி பாட்டு ஒண்ணும் வரும், அப்ப நம்மாளுங்க விசிலடிக்கறதுல கூரை பறக்கும். டூர் பஸ்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட குடும்பங்க வந்து பாக்கற ஷோ அது. நாலு ராத்திரில ஒண்ணே ஒண்ணுக்குதான் காசு செலவு பண்ணுவேன்னா நான் இதுக்குதான் பண்ணச் சொல்லுவேன். ஒருதடவை எங்க குரூப்ல வந்த ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஷோ முடிஞ்சு வாசல்ல வரிசையா நிக்கற கலைஞர்கள்ல ஒருத்தங்ககிட்ட போய் அவங்க போட்டிருந்த பெரிய ஜிமிக்கிய விரலால தூக்கிப் பாத்து "இம்மாம் கனமா இருக்கே, காது அறுந்துடாதா கண்ணு"ன்னு தமிழ்லயே கேட்டாங்க, அவங்களும் என்ன புரிஞ்சுதோ தலைய ஆட்டி காதைத் தேய்ச்சுக் காட்டினாங்க. பொண்ணு ஏதாவது கேட்டா திருநங்கைன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க, நம்ம பிள்ளைங்க அதை சுலபமா எடுத்துக்கும், கமென்ட் அடிக்கறது பெரியவங்கதான். அப்புறம் அந்த வாசல் போட்டோ இலவசம் இல்ல, ஆளுக்கு 100 பாட் டிப்ஸ்ங்கறது பழக்கம். நீங்க ஒருத்தங்களோட நிக்கும்போது கூட ரெண்டு பேர் சிரிச்சுக்கிட்டே ஃப்ரேமுக்குள்ள வந்துடுவாங்க, மூணு பேருக்கும் கொடுக்கணும். வேணாம்னா கேமராவை எடுக்காம கை கூப்பி கும்பிட்டுட்டு நகர்ந்துடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. டிக்கெட் கவுன்டர் விலைய விட ஆன்லைன்லயோ ஏஜென்ட்கிட்டயோ குறைவா கிடைக்கறது சகஜம், முன்னாடி சீட்டுக்கு கூட கொடுக்க வேண்டாம், நடுவுல உக்காந்தாலே முழு மேடையும் தெரியும்.

சாப்பாட்டு விஷயம். டால்ஃபின் ரவுண்டானா பக்கத்துல டெர்மினல் 21னு ஒரு மால், 2018ல திறந்தது, மாடிக்கு ஒரு ஊரு, ஒண்ணு பாரிஸ், ஒண்ணு லண்டன், ஒண்ணு டோக்கியோன்னு செட்டு போட்டிருப்பாங்க, வெளிய நிஜ விமானம் மாதிரி ஒண்ணு நிக்கும், உங்க பொண்ணுக்கு ஒரு சாயங்காலம் அங்கயே போயிடும். உள்ள இருக்கற ஃபுட் கோர்ட் ஊர் மொத்தத்துலயும் நியாயமான விலை, கவுன்டர்ல ஒரு கார்டுல காசு ஏத்தி கொடுப்பாங்க, மிச்சத்தை போகும்போது திருப்பி வாங்கிக்கணும், மறந்துடாதீங்க. மீன் சாப்பிடறவங்களா இருந்தா நக்லுவால லான் போ மார்க்கெட் போங்க, வாக்கிங் ஸ்ட்ரீட் கடல் உணவு ஹோட்டலை விட நூறு மடங்கு மேல். இறாலையும் நண்டையும் மீன்காரம்மாகிட்ட எடை போட்டு வாங்கி, பக்கத்துலயே சுட்டுக் கொடுக்கற கடைல கொஞ்சம் காசு கொடுத்தா அடுப்புல வாட்டி கொடுப்பாங்க, எடுத்துட்டுப் போய் கடலை ஒட்டின பூங்கால உக்காந்து சாப்பிடலாம், ஒரு பாய் கொண்டு போனீங்கன்னா மாமியாருக்கு நம்ம ஊரு மாதிரியே இருக்கும். சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க. பெரிய ஹோட்டல்ல மீன் விலை பாக்கும்போது அது 100 கிராமுக்கா கிலோவுக்கான்னு சின்ன எழுத்துல போட்டிருக்கறதைப் பாருங்க, பில்லு வந்து சண்டை போடறதெல்லாம் முக்கால்வாசி அதனாலதான். மாமியார் சைவம்னா தாய் கடைல "வெஜிடேரியன்"னு சொல்றதை நம்பி விட முடியாது, காய்கறி வதக்கல்லயே மீன் சாஸ், சிப்பி சாஸ் ஊத்திடுவாங்க, அவங்களுக்கு அது கறி கணக்குல வராது. மஞ்சள் துணில சிவப்பு எழுத்து போட்டு ஒரு கொடி தொங்கும், ஜேன்னு சொல்லுவாங்க, அந்த கடைல சுத்த சைவம். இல்லன்னா தெற்கு பட்டாயால இந்தியன் ரெஸ்டாரன்ட் வரிசையா இருக்கு, இட்லி தோசையும் கிடைக்குது, பகல்லயோ சாயங்காலம் சீக்கிரமாவோ போயிட்டு வந்துடுங்க. நைட் மார்க்கெட்னா ஜோம்தியன் பீச் ரோட்டுல இருக்கறது தினமும் உண்டு, தெப்ரசித் மார்க்கெட் வார கடைசிலதான், துணி, பொம்மை எல்லாம் அங்க மலிவு.

வாக்கிங் ஸ்ட்ரீட் போலாமா வேணாமா. பீச் ரோடு தெற்க முடியற இடத்துல ஆரம்பிச்சு பாலி ஹாய் துறை வரைக்கும் போற ஒரே தெரு, சாயங்காலத்துக்கு அப்புறம் வண்டிய நிறுத்திட்டு நடக்க மட்டும் விடுவாங்க. எட்டு மணிக்குள்ள இந்தக் கோடிலருந்து அந்தக் கோடிக்கு நடந்தா பெருசா ஒண்ணும் தெரியாது, நியான் விளக்கு, கடலை ஒட்டின மீன் ஹோட்டல், தெரு மேஜிக்காரங்க. ஒன்பதரைக்கு மேல வாசலுக்கு வாசல் பொண்ணுங்க நிப்பாங்க, ஆபாச ஷோ பத்தி எழுதி லேமினேட் பண்ணின அட்டைய வெச்சுக்கிட்டு ஆளுங்க தெருவுல நிப்பாங்க, அந்த அட்டைல எழுதியிருக்கறதை உங்க பொண்ணு சத்தமா எழுத்துக்கூட்டி படிச்சுடும், நாலாவது படிக்கற பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லாவே வரும். சட்டம் தடுக்காது, நிறைய பேர் குழந்தையோட போறதையும் நானே பாத்திருக்கேன், ஆனா என் குரூப்ல குழந்தை இருந்தா நான் அந்த நேரத்துக்கு கூட்டிட்டு போக மாட்டேன். மாமியாருக்கு பாக்கணும்னு ஆசை இருந்தா அது வேற, கூட்டிட்டு போங்க, பெரியவங்க நம்மள விட தைரியமாத்தான் பாப்பாங்க.

பாதுகாப்பு பத்தி நீங்க கேள்விப்பட்டதுல எது நிஜம் எது கட்டுக்கதைன்னு பிரிச்சு சொல்றேன். குடும்பத்தோட போறவங்களை வழில மறிச்சு தொல்லை பண்ணுவாங்கங்கறது கதை, கூட பொம்பளைங்களும் குழந்தையும் இருந்தாலே பார் ஆளுங்க உங்களை திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, அவங்களுக்கு வியாபாரம்தான் முக்கியம். செயின் அறுப்பு நிஜம். தங்கம் போட்டுட்டு போற இந்தியர்கள்கிட்ட அறுக்கறது திரும்பத் திரும்ப செய்தில வர்ற விஷயம், பைக்ல வந்தும் அறுப்பாங்க, ராத்திரி நேரத்துல சிரிச்சுக்கிட்டே கட்டிப்பிடிச்சும் கழட்டுவாங்க. தாலிக்கொடிய இங்கயே மஞ்சள் கயிறுல மாத்திக்கிட்டு வாங்கன்னு நான் என் குரூப்ல எல்லார்கிட்டயும் சொல்றேன், மாமியார்கிட்ட எப்படி சொல்லணும்னு உங்களுக்குத்தான் தெரியும். பீச் ரோடு நடைபாதை பத்து, பத்தரை வரைக்கும் நல்லா இருக்கும், அதுக்கப்புறம் அங்க தென்னை மரத்தடில நிக்கறவங்க வேற வேலைக்காக நிக்கறவங்க, குழந்தையோட நடக்க வேண்டாம். பிரச்சனைன்னா டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155, இங்கிலீஷ்ல பேசுவாங்க, அவங்கவங்க போன்ல போட்டு வெச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம், இதை யாரும் ஃபேமிலிக்கு சொல்றதில்ல. பச்சை இலை படம் போட்ட கடைங்க ஊரெல்லாம் தெரியும், கஞ்சா கடை. 2022ல தடைய எடுத்தாங்க, 2025 ஜூன்ல மறுபடி இறுக்கி டாக்டர் சீட்டு இருந்தாத்தான்னு மாத்திட்டாங்க, ஆனா கடைகள் எல்லாம் மறைஞ்சுடல. அந்த இலை படம் போட்ட பிஸ்கட், பிரவுனி, ஜெல்லி மிட்டாய் பாக்க குழந்தைங்க மிட்டாய் மாதிரியே இருக்கும், பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஞாபகார்த்தமா ஒரு பாக்கெட் வாங்கி பெட்டில போட்டு சென்னை ஏர்போர்ட்ல எறங்கினா அது போதைப்பொருள் கேஸ்தான். வேப், அதான் மின் சிகரெட், தாய்லாந்துல சட்டவிரோதம், மார்க்கெட்ல வெளிப்படையா விப்பாங்க, வாங்கி கைல வெச்சிருந்தா போலீஸ் பிடிப்பாங்க, வீட்டுக்காரர் பிடிக்கறவர்னா சென்னைலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க.

மசாஜ் மாமியாருக்கு கண்டிப்பா பண்ணி விடுங்க, முட்டி வலிக்கு கால் மசாஜ் ஒரு மணி நேரம் 200லருந்து 300 பாட்டுக்குள்ள. கண்ணாடி வழியா உள்ள வரிசையா சாய்வு நாற்காலி தெரியணும், விலைப் பலகை வெளிய இருக்கணும், நடு வயசு அம்மாக்கள் வேலை பாக்கணும், அதான் கடை. வாசல்ல ஒரே மாதிரி குட்டை டிரஸ் போட்டு அஞ்சாறு பேர் உக்காந்துக்கிட்டு உங்க வீட்டுக்காரரை மட்டும் கூப்பிட்டா அடுத்த கடைக்கு போங்க.

தேதி நீங்க சொல்லல. நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் காத்து நல்லா இருக்கும், நவம்பர் கடைசி பக்கம் வழக்கமா சர்வதேச வாணவேடிக்கை விழா நடக்கும், பீச்ல உக்காந்து இலவசமா பாக்கலாம், ஆனா அன்னிக்கு ரோடெல்லாம் நிக்கும், வண்டி கிடைக்காது, நடந்து ரூமுக்கு வர்ற தூரத்துல இருந்தாத்தான் சுகம். செப்டம்பர், அக்டோபர் மழை, பெருசா பேஞ்சா பீச் ரோட்டுலயே முழங்கால் தண்ணி. ஏப்ரல்ல போனா சொங்க்ரான் தண்ணி திருவிழா மத்த ஊர்ல 13லருந்து 15 வரைக்கும்தான், பட்டாயால 19ஆம் தேதி வரைக்கும் இழுக்கும், கடைசி நாள்தான் உச்சம், பெரியவங்களோட அந்த வாரம் வேணாம். புத்த பௌர்ணமி மாதிரி பெரிய புத்த விரத நாட்கள்ல மது விற்பனைக்கு தடை உண்டு, 2025ல கொஞ்சம் தளர்த்திட்டாங்க, இருந்தாலும் நிறைய பார் அன்னிக்கு மூடிக் கிடக்கும். உங்களுக்கு அது நல்ல நாள்தான்.

கடைசியா, வீட்டுக்காரர் ஒரு ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம் தனியா போய் பாத்துட்டு வரேன்னு சொல்றாருன்னு எழுதியிருந்தீங்க. விடறதும் விடாததும் உங்க வீட்டு விஷயம், போனார்னா இதைப் படிக்கச் சொல்லுங்க. பாஸ்போர்ட் ரூம் லாக்கர்ல இருக்கட்டும், போட்டோ போன்ல போதும், கார்டு வேணாம், செலவு பண்ற காசை மட்டும் எடுத்துட்டு போகணும். ஏடிஎம்ல ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் பெரும்பாலான பேங்க் 220 பாட்டோ அதுக்கு மேலயோ பிடிக்கும், அதனால ராத்திரில அங்கங்க எடுக்காம முன்னாடியே மாத்தி வெச்சுக்கணும். கீழ தெருவைப் பாத்து திறந்திருக்கற பார்ல உக்காரலாம், அட்டைக்காரன் பின்னாடி மாடி ஏறக் கூடாது, உள்ள போனதுக்கு அப்புறம்தான் விலையே தெரியும், வெளிய வர்ற கதவுல ஆளு நிப்பான். பீர் சொல்லும்போதே பில் சீட்டை சுருட்டி முன்னாடி இருக்கற கப்புல போடுவாங்க, அப்பப்ப எடுத்துப் பாத்துக்கணும், பக்கத்துல வந்து உக்கார்ற பொண்ணு கேக்கற டிரிங்க்கும் அதே கப்புல தனி விலைல சேரும். பார் நடுவுல கயிறு கட்டி ஒரு மணி தொங்கும், சும்மா இழுத்துப் பாக்கலாம்னு இழுத்தா அங்க உக்காந்திருக்கற அத்தனை பேருக்கும் ஒரு ரவுண்டு அவர் கணக்குல.